எக்கிய வயிறு

கிளினிக் ஜன்னல் வழியாக வரும் வெயில் அவருடைய வயிற்றின் மேல் விழுகிறது. சட்டையை மார்புவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கியபடி நிற்கிறார் அந்த பஸ் டிரைவர். நர்ஸின் டேப் இடுப்பைச் சுற்றி வருகிறது. "மூச்ச விடுங்க சார். இந்த அளவ வச்சுத்தான் சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் சேந்து வருமான்னு பாக்குறோம்." "விட்டுட்டுத்தானே நிக்கிறேன்" என்கிறார், மூச்சை விடாமலே. குரல் கீச்சென்று வருகிறது. அவர் கழற்றிக் கொடுத்த பெல்ட்டை மடியில் வைத்திருக்கும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைசி ஓட்டையையும் தாண்டி, ஆணியடித்துப் போட்ட புது ஓட்டை அவள் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. "இதென்ன அழகுப் போட்டியா? கல்யாண போட்டோவுல எக்குனீங்க, போனாப் போகுதுன்னு விட்டேன். டேப்புக்கிட்டயுமா? உங்க அண்ணனும் இப்படித்தான் எக்கி நின்னு, நம்பர் நல்லாருக்குன்னு ஊரெல்லாம் சொன்னாரு. இப்ப சுவத்துல போட்டோவா எக்கிக்கிட்டு நிக்கிறாரு." டிரைவரின் மூச்சு உஸ்ஸென்று வெளியேறுகிறது. வயிறு சரிந்து இறங்க, டேப்பின் நுனி நர்ஸின் விரல்களை விட்டு நழுவுகிறது. மனைவி பெல்ட்டைக் கையில் முறுக்குகிறாள். "இப்ப அளங்க சிஸ்டர்."