பைக் சாவி

ஸ்டோர்கீப்பர் ஆபீசில் வலிப்பு வந்து விழுந்த நாளிலிருந்து, அவரை பைக்கில் கூட்டிப்போக அவருடைய நண்பர் டைப்பிஸ்ட் வரவேயில்லை. பத்தாம் நாள், ஸ்டோர்கீப்பர் அவரை மாடிப்படியில் மடக்கினார்.

“என்னடா, வலிப்பு தொத்திக்கும்னு பயமா? இருபது வருஷப் பழக்கத்த ஒரே நாள்ல கழட்டி விட்டுட்டியே! ராத்திரி தூக்கமே இல்லடா எனக்கு. தலையணைகூட குத்துது.”

“நானே பஸ்லதாண்டா வர்றேன். நீ விழுந்தப்போ எல்லாரும் ‘இரும்பு, இரும்பு’ன்னு கத்துனாங்க. இருந்த ஒரே பைக் சாவிய உன் கையில திணிச்சேன்.”

“திருப்பி வாங்கிக்க வேண்டியதுதானே?”

“உன் வீட்ல தங்கச்சிகிட்ட மூணு தடவ கேட்டாச்சு. சாவிய உன் தலையணைக்குள்ள வச்சுத் தச்சதுலேர்ந்து வலிப்பே வரலையாம். ‘அவர்கிட்ட மூச்சு விடாதீங்கண்ணே, நீங்க வேற பைக் வாங்கிக்கங்க’ன்னுடுச்சு!”