ஆடாத கை

“மாலத்தீவுக்குப் போற வழியில புயல் அடிச்சப்போ ஒத்தக் கையால சுக்கானப் பிடிச்சிக்கிட்டு, மறு கையால மீன் குழம்பு வச்சவன் நான். அந்தக் கைதாம்மா இந்தப் படத்தையும் எடுத்துச்சு. என் மவன விட்டுருங்க.”

சைபர் கிரைம் போலீஸ் நிலையத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஜெயஷீலாகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இன்னாசியின் வாய் தூத்துக்குடித் துறைமுகம் முழுக்கப் பிரசித்தம். சரக்குத் தோணி ஓட்டும் தண்டலாக இருந்து ஓய்ந்தவர், இப்போது ஓட்டுவதெல்லாம் கதையைத்தான். அவர் பார்த்த சுறா கரைக்கு வருவதற்குள் திமிங்கலமாகிவிடும். டீக்கடைக்கு வந்து சேரும்போது அதன் வயிற்றுக்குள் ஒரு வள்ளமும், வள்ளத்தில் சீட்டாடுகிற ஆட்களும் இருப்பார்கள்.

ஆனால் இன்றைய விஷயம் டீக்கடைக் கதை இல்லை. பெரிய நடிகரின் புதுப் படம் வெளியான அன்றே, தியேட்டரில் செல்போனால் முழுசாக எடுக்கப்பட்டு டெலிகிராமில் உலகம் சுற்றிவிட்டது. போன், இன்னாசியின் மகன் அமலனுடையது. அனுப்பிய கணக்கும் அவனுடையதுதான்.

“படத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு அடையாளம் வச்சிருக்காங்க, பெரியவரே. எந்த தியேட்டரு, எந்த ஷோன்னு அது காட்டிக் குடுத்துரும்,” என்றாள் ஜெயஷீலா. “மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு.”

“அந்த ஜெயிலுக்கு நான் போறேங்கேன். அவனுக்கு வெளிநாட்டுக் கப்பல்ல வேலை கெடச்சிருக்கும்மா. இந்த மாசம் ஏறணும். கேசு விழுந்துட்டா எந்தக் கப்பல்காரன் சேத்துக்குவான்?”

“சரி, நீங்களே எடுத்தீங்கன்னு வச்சிக்குவோம். எதுக்கு எடுத்தீங்க?”

“எங்க தோணி மாலத்தீவுல சரக்கு எறக்க முடியாம நங்கூரம் போட்டுக் கெடக்கு. பயலுவ கரையேறக் கூடாதாம். தோணியில ஒருத்தன் மட்டும் தனியா எதையும் திங்க மாட்டான்மா, எல்லாருக்கும் ஒரே சட்டிதான். படமும் அப்படித்தானன்னு நெனச்சேன். அமலன் போன்லதான் எங்க ஆளுவ குரூப்பு இருக்கு. அதுல போட்டேன். அங்கேருந்து எவன் எவன் கைக்கோ போயிருச்சு.”

சுவரோரம் நின்ற அமலன் குறுக்கிட்டான். “மேடம், இவரு சொல்லுதத எழுதாதீங்க. எடுத்தது நான். அனுப்புனதும் நான்.”

“ஏலே, வாய மூடு.”

“நீங்க மூடுங்க. பொறந்ததுலேருந்து உங்க புளுகக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ஒரு நாளாவது நெசம் பேசியிருக்கீங்களா?”

இன்னாசியின் முகம் சுண்டிப்போயிற்று. ஊரே புளுகன் என்றாலும் மாலை போட்டதுபோல வாங்கிக்கொள்கிறவர்தான். மகன் வாயிலிருந்து இதுவரை அது வந்ததில்லை.

ஜெயஷீலா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து வீடியோவை ஓடவிட்டாள். கதாநாயகன் லாரியில் தொங்கிக்கொண்டு சண்டை போட்டான். அவன்தான் ஆடினானே தவிர, படம் சுவரில் ஆணியடித்து மாட்டியதுபோல நின்றது.

“பாத்தீங்களா? கடைசி வரைக்கும் இப்படித்தான். ஆட்டமே இல்ல.” தன் போனில் கேமராவைத் திறந்து அவரிடம் நீட்டினாள். “அங்கன தொங்குற காலண்டர எடுங்க, பாப்போம்.”

இன்னாசி இரண்டு கையாலும் போனைப் பிடித்தார். மூச்சை அடக்கினார். முழங்கைகளை விலாவோடு இறுக்கினார். காலண்டரில் இருந்த கலங்கரை விளக்கம், திரையில் பேய்க்காற்றில் மாட்டிய தென்னை மாதிரி ஆடியது.

“இதுதான் புயல்ல சுக்கானப் பிடிச்ச கையா, அண்ணாச்சி?” என்றார் ஏட்டு.

“ஊணிக்கிட ஒரு எடம் இருந்தா இந்தக் கை…” என்று தொடங்கிய இன்னாசியின் கண் மகன் பக்கம் போனது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவர் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தியதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

“பெத்த மனசு புரியுது, பெரியவரே,” என்றாள் ஜெயஷீலா, குரலைத் தணித்து. “ஆனா உங்க மகனே ஒத்துக்கிட்டாரு. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயித்தான் ஆகணும்.”

அமலனை ஜீப்பின் பின்புறம் ஏற்றினார்கள். ஜெயஷீலா செல்போனில் பேசியபடி தள்ளி நின்றாள். இன்னாசி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பியும் சேர்ந்து நடுங்கியது.

“ஏலே அமலா, கேளுல. நைட் ஷிஃப்ட் முடிச்ச அசதியில நீ படம் போட்டதுமே தூங்கிட்ட. என் மேலயே சாஞ்சுட்ட. உனக்கு ஒண்ணும் தெரியாது. கோர்ட்டுக்குள்ள போயி, ‘நான் தூங்கிட்டேன்’னு ஒரு வார்த்த சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அமலன் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

“பெத்த அப்பன் பேச்ச நீயுமால நம்பல?”

ஜீப் உறுமியது. அமலன் குனிந்து, கம்பியின் மேல் நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை அமுக்கிப் பிடித்தான்.

“நான் தூங்கல யப்பா. நீங்கதான் எடுத்தீங்க. என் தோள்ல கைய ஊணித்தான எடுத்தீங்க? அது ஆடிறக் கூடாதுன்னுதான், படம் முடியிற வரைக்கும் நான் மூச்சக்கூட மெதுவா விட்டேன்.”