அடித்தல் திருத்தல்

"டாக்டர் எழுதினதை ஒரு நர்ஸ் அடிக்கலாமா?"

டாக்டர் ஆதிகேசவன் அந்த ஓ.பி. சீட்டை மேஜைமேல் வைத்தார். அவர் எழுதிய இரண்டு வரிகளின் மேல் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்ததுபோல் நேராக ஒரு கோடு. கீழே பவுலினின் கையெழுத்தில் வேறு இரண்டு வரிகள்.

"கூடாது டாக்டர்," என்றாள் பவுலின்.

இது விசாரணை அல்ல, நேர்முகத் தேர்வு. டாக்டரே இல்லாத கிராமங்களில் நர்ஸே நோயாளியைப் பார்த்து மருந்தும் கொடுக்க ஒரு வருஷப் பயிற்சி. 1998-ம் வருஷத்துக்கு பெங்களூரின் அந்த ஆஸ்பத்திரிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பவுலினுக்கு அடுத்த மாதம் தாண்டிவிடும்.

"கூட வேலை பார்த்தவங்க எல்லாம் துபாய், மஸ்கட்டுன்னு போறாங்க. உனக்கு ஏம்மா ஆனேக்கல் பக்கத்துல கிராமம்?" என்று கேட்டார் நர்ஸிங் சூப்பரிண்டெண்டென்ட் ஜெயலட்சுமி.

"மாசம் ஒரு தடவை அந்தக் கிராமத்துக்குக் கேம்ப் போறோம் மேடம். சாயங்காலம் வேன்ல ஏறி வந்துடறோம். நான் தொம்மலூர்ல என் வீட்டுக்குப் போய்ப் படுத்துடறேன். அதுக்கப்புறம் அவங்களுக்கு ஜுரம் வந்தா?"

ஜெயலட்சுமிக்குப் பதில் பிடித்துவிட்டது. டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அவர் சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கன்னடம் என்ன பெரிய கன்னடம், தமிழ் மாதிரிதானே என்று வந்த மறுநாளே பேச ஆரம்பித்தவர். தன்னை யார் மதிக்கவில்லை என்பது மட்டும் அவருக்கு மறக்கவே மறக்காது.

"போன சனிக்கிழமை கேம்ப்ல ஒரு அம்மா குழந்தையோட வந்தாங்க. குழந்தைக்குத் தூக்கம் கம்மின்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாங்க. தூங்கறதுக்கு சிரப் எழுதினேன். இவங்க அதை அடிச்சுட்டு, எடை குறைவு, அட்மிட் பண்ணணும்னு எழுதி, வேன்லயே கூட்டிட்டு வந்துட்டாங்க."

"அட்மிட் பண்ணது தப்பா டாக்டர்?"

"அது சரிதான் மேடம். தொண்ணூறு பேர் கூட்டம். குழந்தையைப் போர்வையில சுத்தி வெச்சிருந்தாங்க, நான் கவனிக்கலை. ஆனா கவனிச்சவங்க என்கிட்ட வந்து சொல்லணுமா இல்லையா?"

நியாயமான கேள்வி. ஜெயலட்சுமி பவுலின் பக்கம் திரும்பினார். "ஏம்மா சொல்லலை?"

பவுலின் வாயைத் திறந்தாள். டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"கூட்டமா இருந்துச்சு மேடம். தப்புதான். மன்னிச்சுக்கங்க டாக்டர்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதவங்க, டாக்டரே இல்லாத ஊர்ல போய் என்ன பண்ணுவாங்க?" என்றார் ஆதிகேசவன். கேட்ட கேள்வியில் இருந்த ஓட்டை அவருக்குத் தெரியவில்லை.

படிவத்தில், 'பணிவு போதாது. தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்துதான் முடிவு. பவுலின் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனாள். ஜெயலட்சுமிக்குப் பாவமாக இருந்தது, ஆனால் என்ன செய்ய முடியும்?

டாக்டர் மனநிறைவோடு குழந்தைகள் வார்டுக்கு ரவுண்ட்ஸ் போனார்.

அங்கே அதே அம்மா, எடை மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெஷின்மேல் குழந்தை. வார்டே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"தூக்கா ஜாஸ்தி ஆய்த்து டாக்ட்ரே!"

டாக்டர் குழந்தையைப் பார்த்தார். இந்தக் கத்து கத்துகிற குழந்தைக்கு எங்கே தூக்கம் ஜாஸ்தியானது?

"என்ன சொல்றாங்க? குழந்தை நல்லாத் தூங்குதாமா?" என்று ஆயா சின்னத்தாயியைக் கேட்டார்.

சின்னத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தூக்கம் இல்ல டாக்டர், தூக்கா. கன்னடத்துல எடைக்கு அதான் பேரு. கால் கிலோ ஏறியிருக்காம்."

டாக்டர் மெஷினின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அன்னிக்கு கேம்ப்ல..."

"அன்னிக்கும் எடை கம்மின்னுதான் டாக்டர் சொன்னாங்க. கேம்புக்கு வந்த எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும். பவுலின் சிஸ்டர்தான் யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னாங்க. 'வரிசையில நிக்கறவங்க முன்னாடி சொன்னா சிரிச்சுடுவாங்க, அப்புறம் டாக்டர் அடுத்த கேம்புக்கு வரமாட்டார், இந்த ஊருக்கு இருக்கறதே அவர் ஒருத்தர்தான்'னு சொன்னாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க டாக்டர்."

ஜெயலட்சுமி படிவத்தைக் கவரில் போட்டுப் பசை தடவப் போகிற நேரத்தில் கதவு திறந்தது. டாக்டர் உள்ளே வந்து படிவத்தை உருவினார். மேஜையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். தான் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே, 'முழுத் தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெயலட்சுமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துப் பார்த்தார்.

"என்ன டாக்டர், டாக்டர் எழுதினதை அடிக்கலாமா?"

"இதை அடிக்கலாம் மேடம். நான் தூக்கத்துல எழுதினது."