குத்துக்கல் வைத்திருந்த பெயர்

மேய்ச்சல் காட்டின் நடுவே, எந்தக் காலத்திலோ நட்டுவைத்த குத்துக்கல் ஒன்று தனியாக நின்றது. குட்டியை நரிக்குப் பறிகொடுத்த செம்மறி ஒன்று, மந்தையை விட்டு விலகி அதன் நிழலுக்கு வந்தது. மந்தையில் யாரும் அந்தக் குட்டியைப் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை.

"நீயும் அளக்கத்தான் வந்தியா?" என்றது கல். "வர்றவங்க எல்லாம் என் உயரத்தை அளப்பாங்க. என்னை எப்படித் தூக்கி நிறுத்தினாங்கன்னு சண்டை போட்டுட்டுப் போயிடுவாங்க."

"எதுக்காக நிறுத்தினாங்க?"

"ஒரு தாய் தன் மகளை இங்கே புதைச்சா. பேரை என்கிட்ட சொல்லிட்டுப் போனா. இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்கல."

"என்ன பேரு?"

கல் சொன்னது. இப்போது யாரும் பேசாத பாஷை அது. செம்மறி திக்கித் திணறி அதைத் திருப்பிச் சொன்னது. "இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்டது கல். செம்மறி இன்னொரு தரம் சொன்னது.

தூரத்தில் மந்தை நகரத் தொடங்கியது. போகத் திரும்பிய செம்மறி நின்றது.

"என் குட்டி பேரு பூவாத்தா. ஒன்பது நாள்தான் இருந்தா."

"சொல்லு, கேட்கிறேன்" என்றது கல்.

"அவளுக்கு வலது காது மட்டும் கறுப்பு" என்று ஆரம்பித்தது செம்மறி. மந்தை மேடேறி மறைந்ததை அது கவனிக்கவே இல்லை.