முதுகில் ஒரு கை

ஐம்பத்திரண்டு வயதில் குமுதவல்லிக்குத் தரையில் கால்களை அகல விரித்து உட்கார்ந்து, முன்னால் குனிந்து, நெற்றியால் தரையைத் தொட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்தது. இடுப்பு இம்மியும் அசைந்துகொடுக்கவில்லை. கைபேசியில் வரும் பயிற்சிக்காரி தினமும் அதையேதான் சொன்னாள். "வீட்ல யாரையாவது முதுகுல கை வச்சு மெதுவா அழுத்தச் சொல்லுங்க. வலிச்சா 'போதும்'னு சொல்லுங்க, எடுத்துடுவாங்க." வீட்டில் இருந்தது ஐந்து கிலோ அரிசிப் பைதான். கட்டில் விளிம்பிலிருந்து அதை முதுகுக்கு இழுத்துக்கொண்டாள். பாரம் இதமாக இருந்தது. ஆனால் உலைக்கும் அதிலிருந்தே எடுத்ததால், அந்தக் கை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மளிகைக் கடைக்குப் போனாள்.

"ஒரு ஆளுக்கு எதுக்குக்கா பத்து கிலோ? வண்டு வச்சிடும்" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்கு" என்றாள்.

அன்று மாலை புதுப் பை முதுகில் சரிந்ததும் இடுப்பு தானாக இளகியது. நெற்றி தரையில் பட்டது. தரை சில்லென்றிருந்தது. தொடை நரம்பு சுண்டி இழுத்தது. "போதும்" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இன்னும் சற்று உரக்க, மறுபடியும் சொன்னாள்.