பதிவாகாத மூன்று ஆட்டங்கள்

“செல்லத்தாய் மட்டும் டீம்ல இருக்கட்டும் மேடம்” என்றாள் கேப்டன் தமிழ்ச்செல்வி. பேச்சு மைத்ரேயியிடம் என்றாலும் பார்வை கையிலிருந்த பந்தின் மேல்தான் இருந்தது.

“ஏன் இருக்கணும்? ஒரு காரணம் சொல்லு.”

தமிழ்ச்செல்வி பந்தைத் தரையில் ஒரு முறை தட்டினாள். திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் மைத்ரேயி. அவள் கையில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் அவற்றைப் பத்தாகக் குறைத்து முதல்வரிடம் தர வேண்டும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு விளையாட்டுக்கான கட்டணச் சலுகை கிடையாது. அந்தச் சலுகை போனால் செல்லத்தாய்க்குப் படிப்பே போய்விடும். அது தெரிந்ததால்தான் நான்கு நாட்களாக அந்தப் பெயருக்கு மேலே பேனா தயங்கியது.

“போன வருஷம் ஒரு நிமிஷமாவது ஆடியிருக்காளா? துண்டத் தோள்ல போட்டுட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. பாவம் பார்த்தா டீம் நடத்த முடியாது செல்வி.”

“பாவமெல்லாம் இல்ல மேடம்…”

“பின்ன?”

“சொன்னா வைவீங்க.”

பெண்கள் தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது மைத்ரேயிக்குப் பழகிப் போயிருந்தது. ஒழுங்கு என்று அதற்கு அவளே ஒரு பெயரும் வைத்திருந்தாள். ஆட்டம் நடக்கையில் அவள் குரல் மட்டும்தான் கேட்க வேண்டும். பெஞ்சில் இருப்பவர்கள் மூச்சுவிடக் கூடாது.

“போய் ஆடுங்க” என்றாள்.

“இந்த வெயிலுக்கு யானமலையே எந்திரிச்சு நெழலத் தேடிப் போயிரும் மேடம்” என்று தூரத்து மலையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள் ஆட்டக்காரி மீனா. யாரும் சிரிக்கவில்லை.

விடுமுறை முழுக்க இதே கதைதான். தடுப்பாட்டத்தில் குறையில்லை. பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போடுவதில்தான் சிக்கல். பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் நின்றுவிடுகிறார்கள். யாரையோ தேடுகிறவர்கள் போலக் கோட்டுக்கு வெளியே பார்க்கிறார்கள்.

“அங்க என்ன பார்வை? கூடையப் பாரு!”

போன பருவத்தில் முதல் பதினோரு ஆட்டங்களிலும் அறுபது புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் இவர்கள். கோவையில் நடந்த கடைசி மூன்றிலும் நாற்பதைத் தாண்டவில்லை. அதே ஐந்து பேர், அதே உத்திகள். எங்கே பிசகியது? தூக்கத்திலும் அவளை அரித்த கேள்வி அது. இந்த வருடமும் இப்படியே போனால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஆட்டங்களை யாராவது படம் பிடித்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப் படம் பிடித்தவர் ஒரே ஒருவர்தான். செல்லத்தாயின் அப்பா பால்பாண்டி.

வாடிப்பட்டியிலிருந்து மகளைக் கூட்டிப்போக வந்தவரை மைத்ரேயி கல்லூரி வாசலில் பிடித்தாள். லோடு ஆட்டோவிலிருந்து இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்தார் அவர்.

“அண்ணே, போன வருஷம் மேட்ச்செல்லாம் போன்ல எடுத்தீங்களே, அது வேணும்.”

அவர் முகம் மாறியது. “அது எதுக்கு மேடம்? அதுல உங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. புள்ளைக்காக எடுத்தது.”

“பரவாயில்ல, குடுங்க.”

தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். பதினோரு படங்களை அவள் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள்.

“கோயம்புத்தூர் மேட்ச் மூணையும் காணோமே? எனக்கு அதுதான் முக்கியம்.”

“அதுக்கு நான் போகல மேடம்.”

“எல்லாத்துக்கும் வந்துட்டு முக்கியமானதுக்கு வரலையாண்ணே?”

பால்பாண்டி துண்டை உதறி மறுபடியும் தலையில் கட்டினார்.

“அங்க எனக்குச் சோலி இல்ல மேடம்.”

என்ன மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் தன் அறையில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து முதல் படத்தைப் போட்டாள். ஆட்டம் தெரியவில்லை. பந்தின் சத்தமும் கூச்சலும் கேட்டன. படத்தில் இருந்தது பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில் செல்லத்தாய். இரண்டாவது படத்திலும் செல்லத்தாய். மூன்றாவதிலும் அவள்தான். பெற்ற தகப்பன் வேறு யாரைத்தான் எடுப்பான்?

அலுப்புடன் நிறுத்தப் போனவளின் விரல் பாதியில் நின்றது.

செல்லத்தாய் தோளில் கிடந்த துண்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினாள். இரண்டு விநாடி கழித்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. பெஞ்சே எழுந்து குதித்தது. கூடையில் பந்து!

தற்செயலாக இருக்கும். மைத்ரேயி படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். துண்டு மடிக்குப் போனது, ஆர்ப்பரிப்பு. வலது தோளுக்குப் போனது, ஆர்ப்பரிப்பு. படத்தின் ஓரத்தில் பந்தோடு ஓடிவரும் தமிழ்ச்செல்வி பெஞ்சை ஒரு முறை பார்க்கிறாள். துண்டு இருக்கும் பக்கம் பந்தை எறிகிறாள். ஆட்டம் முழுவதையும் படித்துவிட்ட கண்கள் செல்லத்தாயுடையவை. பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருந்ததால் துண்டு பேசியது.

பதினோரு படங்களிலும் செல்லத்தாய்க்கு முன்னால் ஒரு பெண் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகு மட்டும்தான் படத்தில் தெரிந்தது. அது தன் முதுகு என்று புரிய மைத்ரேயிக்குச் சற்று நேரம் பிடித்தது.

மேசை மேல் கிடந்த பட்டியலை அவள் இழுத்துக்கொண்டாள். செல்லத்தாயின் பெயரில் விரலை வைத்தபோது பால்பாண்டி சொன்னது காதில் விழுந்தது. சோலி இல்ல மேடம்.

போன வருடம் கோவைக்குக் கிளம்பிய அன்று வேனில் பத்துப் பேருக்குத்தான் இடம் இருந்தது. “சும்மா உட்கார்றதுக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம்?” என்று சொல்லி, ஏறி உட்கார்ந்திருந்த செல்லத்தாயைக் கீழே இறக்கிவிட்டவள் மைத்ரேயிதான்.