முதலில் வரும் கடை

முதலில் துரோகம் செய்தது தம்பிதான். பெரியவர் கூடவே இருந்து குடை வியாபாரத்தைக் கற்றுக்கொண்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்துபோய், நாலு தெரு தள்ளித் தானும் ஒரு குடைக்கடை போட்டான். அன்றைக்கு அறுந்த பேச்சு, அப்புறம் ஒட்டவே இல்லை.

இப்போது இரண்டு கடையும் இணையத்துக்கு வந்துவிட்டன. அங்கேயும் தம்பி விடவில்லை. பெரியவர் தன் போனில் ‘மடக்குக் குடை’ என்று தேடினால், தம்பி கடைதான் முதலில் வந்து நிற்கும். இவர் கடை அதற்குக் கீழே.

"பார், இங்கேயும் என்னை மிதிச்சுக்கிட்டு நிக்கிறான்" என்று மருமகளிடம் போனை நீட்டுவார்.

இணையக் கடை அவள் பொறுப்பு. அதற்காகவே பார்த்த வேலையை விட்டவள். கம்பெனி வைத்த பெயர்களை எடுத்துவிட்டு, வாங்குகிறவர்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் குடைகளுக்குப் பெயர் போட்டாள். படங்களின் பாரத்தைக் குறைத்து, பக்கம் சட்டென்று திறக்கும்படி செய்தாள். ஒவ்வொரு குடையைப் பற்றியும் தனியாக நாலு வரி எழுதினாள். ஆர்டர் பெருகத்தான் செய்தது. பெரியவர் அதை மழையின் கணக்கில் எழுதிவிட்டார்.

பொறுமை தீர்ந்து, வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். மருமகளை வைத்துக்கொண்டே, "இவளால ஆகலை. இனிமே நீங்களே எடுத்து நடத்துங்க" என்றார்.

அவள் தலை நிமிராமல், அனுப்ப வேண்டிய குடைகளின் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நிபுணர் தன் போனில் தேடினார். பெரியவர் கடைதான் முதலில் வந்தது. பெரியவர் மனைவியின் போனிலும், பார்சல் எடுக்க வந்தவர் போனிலும் அப்படியே.

"ஐயா, உங்க போனைக் குடுங்க."

அதில் மட்டும் தம்பி கடை.

நிபுணர் சிரித்தார். "ஒரு கடைக்குள்ள ஓயாம போயிட்டு வந்தா, அதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு போன் முன்னால கொண்டுவந்து வைக்கும். தினமும் போறீங்களோ?"

பெரியவர் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றாள் மருமகள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க என்ன விலைன்னு மாமாதான் பார்த்துச் சொல்வாங்க."

தனக்கு இங்கே வேலை இல்லை என்று நிபுணர் கிளம்பிவிட்டார்.

 பெரியவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டுவதற்கு வாகாகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் பேச்சு வாங்கிட்டு இருந்தே?"

அவள் நாடாவைக் கிழித்தாள். "விலை பார்க்கிறவங்க குடையைத்தான் பெரிசு பண்ணிப் பார்ப்பாங்க. நீங்க அந்தக் கடைப் பக்கத்துல இருக்கிற சின்ன மாமா போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்க்கிறீங்க. சொன்னா, அதையும் விட்டுடுவீங்கன்னு தோணுச்சு."

பெரியவர் அடுத்த பெட்டியை எடுத்தார்.

"ரொம்ப இளைச்சுட்டான்" என்றார். "அதுக்காக நானா போய் நிக்க முடியாது. விட்டுட்டுப் போனவன் அவன். அவன்தான் வரணும்."